யார் பெயரில் பற்று?

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு, ஆட்டோக்காரரிடம் ‘ராமானுஜன் வீடு’ என்று சொல்லுங்கள். சாரங்கபாணி சன்னதி தெருவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். சின்ன ஓட்டு வீடு. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

போன மாதம் நான் போயிருந்தபோது உள்ளே ஒரு குடும்பம் நின்றிருந்தது. அப்பா, அம்மா, பத்தாவது படிக்கிற வயதில் ஒரு பையன். அப்பா உணர்ச்சிவசப்பட்டிருந்தார். ‘‘பாத்தியாடா... காலேஜ்ல இங்கிலீஷ்ல கோட்டை விட்டவரு. ஆனா இன்னிக்கு உலகமே கொண்டாடுது. ஏன்? அவரு அவரா இருந்தாரு. அதான் விஷயம்!’’

பையன் கண்ணில் ஒரு மின்னல். ‘‘அப்போ நான் பயாலஜி எடுக்க வேண்டாமாப்பா?’’

அப்பாவின் முகம் மாறிவிட்டது. ‘‘அது வேற, இது வேற. எல்லாரும் எடுக்கறாங்க இல்ல? நீயும் எடு.’’

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேருடைய பைகளும் அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் அந்த அப்பாதான். அடுத்த வீட்டுப் பிள்ளை தனித்துவமாக இருந்தால் கைதட்டுவோம். நம் வீட்டுப் பிள்ளை தனித்துவமாக இருக்கப் போகிறேன் என்றால் ஜோசியரைப் பார்ப்போம். நம் பழமொழியே இரண்டு பக்கமும் பேசுகிறது. ஊர் ஓடினால் ஒத்து ஓடச் சொல்கிறது. ஒருத்தன் ஓடினால் ஏன் ஓடுகிறான் என்று கேட்டுவிட்டு ஓடச் சொல்கிறது. வள்ளுவர் கறாரான ஆள். உலகத்தோடு ஒட்டி நடக்கத் தெரியாதவன் எத்தனை படித்திருந்தாலும் அறிவில்லாதவன்தான் என்று 140-வது குறளில் முடித்துவிட்டார். இந்தப் பக்கம் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், ‘நீ நீயாக இரு’ என்று மஞ்சள் அட்டையில் நூறு புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எதைக் கேட்பது?

நான் பி.காம். படித்தவன். ராமானுஜன் கோட்டை விட்ட அதே காவிரிக்கரைக் கல்லூரியில்தான் படித்தேன். இலக்கியத்துக்கும் எனக்கும் கணக்குப் பதிவியல் வழியாகத்தான் பழக்கம். முதல் வருஷம் முதல் பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்: வாங்குகிறவன் கணக்கில் பற்று வை, கொடுக்கிறவன் கணக்கில் வரவு வை. மளிகைக் கடை நோட்டில்கூட அப்படித்தானே? அரை கிலோ துவரம் பருப்பு யார் வாங்கினாரோ, அவர் பெயரில்தான் பற்று எழுதுவார் அண்ணாச்சி. பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் எழுதமாட்டார்.

இந்தச் சின்ன விதியைக் கையில் வைத்துக்கொண்டு தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை மறுபடி படித்தேன். இருபது வயதில் படித்த புத்தகமா இது என்று ஆகிவிட்டது.

*

‘மோகமுள்’ 1950-களில் ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்த நாவல். 1995-ல் ஞான ராஜசேகரன் படமாக எடுத்தார். இளையராஜாவின் பாட்டுக்காகவே அந்தப் படத்தை நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. நாவல் படிக்காதவர்களுக்கு இரண்டு வரியில் கதை. பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குப் படிக்க வருகிறான் பாபு. துக்காம்பாளையத் தெருவில் இருக்கும் யமுனா மேல் அவனுக்குத் தீராத மோகம். அவள் அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுடைய அப்பா தமிழ் பிராமணர்; அம்மா மராத்திக்காரி, இரண்டாம் தாரம். அதனாலேயே பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இருபது வயதில் படித்தபோது நான்தான் பாபு. (நீங்களும்தான், மறைக்காதீர்கள்!) ஊர் ஏற்காத ஒரு காதலை வருஷக்கணக்காக நெஞ்சில் சுமக்கிறான். படிப்பு, வேலை என்று எல்லாரும் போகிற பாதையில் மனசு ஒட்டாமல், ரங்கண்ணாவின் காலடியில் உட்கார்ந்து சங்கீதம் படிக்கிறான். மந்தையில் சேராத மனிதன் என்றால் இவன்தான் என்று தோன்றியது. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு மகாமகக் குளத்தை எத்தனை தடவை சுற்றி வந்திருப்பேன் என்று கணக்கே கிடையாது.

இப்போது நாற்பத்தைந்தை நெருங்குகிற வயதில் படிக்கிறபோது, கண் வேறு இடத்துக்குப் போகிறது. பாபுவுக்கு இந்த ஊர் என்னவெல்லாம் கொடுத்திருக்கிறது, பாருங்கள். உயிரைக் கொடுத்துக் கற்றுத்தரும் ஒரு குரு. எதையும் சொல்லி அழ ராஜம் என்று ஒரு நண்பன். பாட்டுப் பைத்தியத்தையும் பிள்ளையின் மனசையும் புரிந்துகொண்ட வைத்தி என்று ஒரு அப்பா. விலகி நிற்கிறவனாக நாம் நினைக்கிற பாபு, உண்மையில் ஊரின் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் தனியாக இருப்பது அவன் விருப்பம். வேண்டும் என்றால் நாளைக்கே திரும்பி வந்து எல்லாரையும் போல மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார முடியும்.

யமுனாவுக்கு? அவள் எதையும் எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. எல்லாரையும் போல ஒரு கல்யாணம், ஒரு குடும்பம் கிடைத்திருந்தால் அதோடு இருந்திருப்பாளோ என்னவோ. ஊர்தான் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாபுவின் தனிமை அவன் தேர்ந்தெடுத்தது. யமுனாவின் தனிமை அவள் மேல் எழுதப்பட்டது. இரண்டையும் ஒரே பெயரில் ‘தனித்துவம்’ என்று சொல்லிவிட முடியுமா?

தங்கம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாபு தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து வீடு. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம் பெண். ஓர் இரவு அவளும் தன் ஆசைக்கு ஒரே ஒரு தடவை காது கொடுக்கிறாள். கதையில் பாபு செய்கிற அதே காரியம்தான். பாபுவுக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது. யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று தவிக்கிறான். தவிப்பு அவனை இன்னும் ஆழமான மனிதனாக ஆக்குகிறது. தங்கம்மாள் உயிரையே விட்டுவிடுகிறாள். அதற்கப்புறமும் நாவல் பல நூறு பக்கம் நடக்கிறது. அவள் அதில் இல்லை.

அண்ணாச்சி கடை நோட்டில் இப்படி எழுதினால் விடுவோமா?

இதைத் தி.ஜா. தெரியாமல் செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசியில், வறுமை யமுனாவைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, அவள் பாபுவுக்கு இணங்குகிறாள். அதற்கு அப்புறம், இத்தனை வருஷத் தவிப்பும் இதற்குத்தானா என்கிற அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்கிறாள். இருபது வயதில் அந்தக் கேள்வியை ஒரு சோகமான காதல் வசனமாகத்தான் படித்தேன். இப்போது படித்தால், கடைக்காரர் நோட்டைத் திருப்பி நம் முன்னால் நீட்டுகிற மாதிரி இருக்கிறது. மொத்தம் இவ்வளவு ஆயிற்று, யார் கட்டப் போகிறீர்கள்?

என் குறை ஒன்றே ஒன்றுதான். நோட்டை நீட்டியவர், கூட்டிப் போட்டுக் காட்டாமல் மூடிவிட்டார். பாபு இசை கற்கக் கிளம்புகிறான், அப்பாவின் சம்மதம் கிடைத்துவிடுகிறது, நமக்கும் நிம்மதியாகிவிடுகிறது. யமுனாவின் கணக்கு பாக்கியோடு அப்படியே நிற்கிறது. தி.ஜா.வின் நடை அவ்வளவு அழகு. பில் வந்ததே தெரியாமல் நாம் எழுந்து வந்துவிடுகிறோம்.

வைத்தியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆசாரத்தோடு வாழ்கிற மனிதர். அவர் பிள்ளைக்காகத் தன் மனசை நகர்த்தி ஓர் இடம் கொடுக்கிறார். ஊர் என்றால் ஏதோ ஒரு பெரிய ராட்சசன் என்று நினைக்கிறோம் இல்லையா? ஊர் என்பது இப்படி நாலு வைத்திகளும், நகர மறுக்கும் நாற்பது பேரும்தான். நாலு பேர் நகர்ந்தால் ஒருத்தன் பிழைத்துக்கொள்வான். தங்கம்மாளுக்கு நகர்ந்து கொடுக்க ஒருத்தர்கூட இல்லை.

*

தி.ஜா. படித்த அதே கும்பகோணம் கல்லூரியில் அவருடைய நண்பர் ஒருவரும் படித்தார். எம்.வி.வெங்கட்ராம். 1920-ல் கும்பகோணத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, 2000-ல் மறைந்தவர். சௌராஷ்டிரக் குடும்பம், ஜரிகை வியாபாரம். வெளியிலிருந்து பார்த்தால் பத்தோடு பதினொன்று. ‘தேனீ’ என்று ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்திக் கை சுட்டுக்கொண்டார். வியாபாரமும் நொடித்தது. பிற்பாடு வயிற்றுப்பாட்டுக்காகப் பதிப்பகம் கேட்டபடியெல்லாம் எழுதிக் கொடுத்தார்.

அவருடைய ‘காதுகள்’ நாவலுக்கு 1993-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. மகாலிங்கம் என்று ஒரு மனிதன். அவன் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. கெட்ட வார்த்தை, மிரட்டல், ஆபாசம், ஏளனம் எல்லாம். நிறுத்த முடியவில்லை. இதற்கு நடுவில்தான் அவன் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், எதிரில் வருகிறவரிடம் ‘சௌக்கியமா’ என்று கேட்க வேண்டும். தன் சொந்த அனுபவத்தைத்தான் எம்.வி.வி. எழுதினார் என்பது ஊரறிந்த விஷயம்.

இந்த நாவலை அமானுஷ்யக் கதை என்று படிக்கிறவர்கள் உண்டு, மனநோய்க் கதை என்று படிக்கிறவர்களும் உண்டு. எனக்கு இது தினசரி வாழ்க்கையைப் பற்றிய புத்தகம். வேறு எவனுக்கும் இல்லாத ஒன்று தனக்குள் இருக்கும்போது, ஒரு மனிதன் எப்படிக் காலையில் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிறான்? தனித்துவம் என்பதை நாம் ஏதோ பரிசு மாதிரிப் பேசுகிறோம். அது மகாலிங்கத்தின் காதில் வந்து விழும்போது தண்டனை. ‘எல்லாரையும் போல’ இருப்பதுதான் அவனுக்கு எட்டாத சொர்க்கம்.

‘மோகமு’ள்ளோடு ஒப்பிட்டால் ‘காதுகள்’ அழகான நாவல் இல்லை. கரடுமுரடு. சில இடங்களில் குரல்களின் பேச்சு போதும் போதும் என்று ஆகிவிடும். ஆனால், ஒரு விஷயத்தில் அது நேர்மையான நாவல். வீட்டில் இல்லாமை வருகிறபோது அதை மறைக்கவில்லை. தன் போராட்டத்தைத் தியாகமாகவோ, ஞானமாகவோ ஜோடித்து, குடும்பத்தை மேடைக்குப் பின்னால் தள்ளிவிடவில்லை. பற்று யார் யார் பெயரில் ஏறியது என்று எழுதி வைத்திருக்கிறார். ஜரிகைக்காரர் அல்லவா? எடை தப்பாது.

*

சரி, அந்த ஓட்டு வீட்டுக்குத் திரும்பி வருவோம். அந்த அப்பா சொன்னது பாதி சரி.

ராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கியவர். 1904-ல் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். மற்ற பாடங்களைத் தொடாததால் உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடினார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. இதைத்தான் ‘அவர் அவராக இருந்தார்’ என்கிறோம்.

அப்படி இருந்தாரா? கணிதம் என்ற ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யார் சொல்லையும் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் சன்னதி தெருப் பிள்ளைதான். நாமம், குடுமி, நாமகிரித் தாயார். வீட்டில் பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பார்த்தார். 1914-ல் கப்பல் ஏறுவதற்கு முன் குடுமியை எடுத்தார்கள். ஆனாலும் கேம்பிரிட்ஜில் சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் தனியாக நிற்கிறேன் என்று அலைகிறவர்களுக்கு அவரிடம் ஒரு பாடம் இருக்கிறது. ஒன்றில் பிடிவாதம், மற்ற பத்தொன்பதில் ஊரோடு. ஒருவேளை அந்தப் பத்தொன்பதில் மிச்சம் பிடித்த சக்திதான் அந்த ஒன்றுக்குப் போயிற்றோ என்னவோ!

அந்த ஒன்றுக்கும் பணம் யாரோ கட்டினார்கள். அப்பா ஜவுளிக்கடை குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடியும், வீட்டில் கல்லூரிப் பையன்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் குடும்பத்தை இழுத்தவர். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்துக்கொண்டிருந்த வருஷங்களுக்கு அரிசி எங்கிருந்து வந்தது? அங்கிருந்துதான்.

அப்புறம் ஜானகி. 1909-ல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு வயது பத்து. கணவர் இங்கிலாந்தில் ஐந்து வருஷம். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை. எழுதிய கடிதங்கள்கூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1919-ல் அவர் நோயாளியாகத் திரும்பி வந்தார். கடைசி ஓராண்டு படுத்த படுக்கையில் அவர் கணக்குப் போட, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஜானகி. அப்போது எழுதிய தாள்களைத்தான் 1976-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார், உலகம் அதிசயித்தது. 1920 ஏப்ரல் 26-ல் ராமானுஜன் இறந்தார். கடல் தாண்டியவர் என்பதால் இறுதிச் சடங்குக்குக்கூட உறவுக்காரர்கள் பலர் வரவில்லை என்று ராபர்ட் கனிகெல் எழுதுகிறார். ஊர் போட்ட அபராதம்.

ஜானகிக்கு அப்போது வயது இருபத்தொன்று. அவர் 1994 வரை இருந்தார். எழுபத்து நாலு வருஷம்! தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தையல் மெஷினை மிதித்து வாழ்ந்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார். 1980-களின் தொடக்கத்தில், அவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று கேட்டார். அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கி அதைப் படித்துவிட்டு, பல நாட்டுக் கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவுச் சிலை செய்யச் சொன்னார். ஒன்று ஜானகியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சிலைக்கும் அவர் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது, கவனித்தீர்களா?

2014-ல் ‘ராமானுஜன்’ படத்தை எடுத்ததும் அதே ஞான ராஜசேகரன்தான். கும்பகோணத்தின் பாபுவையும் ராமானுஜனையும் ஒரே ஆள் படமாக்கியிருக்கிறார். யாராவது அடுத்ததாக ஜானகியின் எழுபத்து நாலு வருஷத்தை எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ‘‘அப்படி ஒவ்வொருத்தரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் ராமானுஜன் வருவாரா சார்? பாட்டு வருமா, நாவல் வருமா?’’

வராது. ஒத்துக்கொள்கிறேன். சொந்த முதல் மட்டும் போட்டு எந்தப் பெரிய காரியமும் நடந்ததில்லை. கடன் வாங்குவது தப்பே இல்லை. வாங்கின கடனை நோட்டில் எழுதாமல், எல்லாம் என் சொந்த முதல் என்று சொல்லிக்கொள்வதுதான் தப்பு. எங்கள் படிப்பில் அதற்குப் பெயர் மோசடி. ‘நான் நானாக இருந்தேன்’ என்று மார் தட்டுகிற கதையில் பெரும்பாலும் இந்த மோசடிதான் நடக்கிறது. ‘எல்லாரையும் போல இரு’ என்று அதட்டுகிற ஊரும் லேசுப்பட்டதில்லை. தான் போட்ட அபராதத்தை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

ஆகவே உங்கள் வீட்டுப் பையன் பயாலஜி வேண்டாம் என்றால், உடனே சம்மதிக்கவும் வேண்டாம், உடனே அதட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். ‘‘சரிடா, இதுக்குப் பற்று யார் பேர்ல எழுதறது?’’ அவன் தன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுங்கள். உங்கள் பெயரைச் சொன்னால், தாங்குமா என்று பாருங்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அம்மாவின் பெயர் என்றால், அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

*

இவ்வளவு பேசிவிட்டு என் நோட்டைக் காட்டாமல் போனால் நியாயம் இல்லை.

பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2003-ல், எழுதுவதுதான் என் வாழ்க்கை என்று ஒரு பையோடு சென்னைக்குப் பஸ் ஏறினேன். பைக்குள் ‘மோகமுள்’ இருந்தது. அப்பா அரிசி மில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் சம்பளம் நின்ற மாதம், அக்கா ஒரு நகைக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். திகைந்து வந்த வரனும் பணம் இல்லாமல் நின்றுபோயிற்று. கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று.

நான் எத்தனையோ மேடையில் ‘வேலையை உதறிவிட்டு வந்தேன்’ என்று சொல்லியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அக்காவைப் பற்றி ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

ராமானுஜன் வீட்டிலிருந்து நேரே தாராசுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

‘‘அக்கா, நான் மெட்ராஸ் போனதுல உன் கல்யாணம் தள்ளிப்போச்சே... உனக்குக் கோபம் இல்லையா?’’

நிமிர்ந்து பார்த்தாள். ‘‘இப்ப எதுக்குடா அதெல்லாம்? பத்திரிகைல எழுதப் போறியா?’’

‘‘ஆமாக்கா. ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சுன்னு...’’

‘‘எழுதறதுன்னா சரியா எழுது. ரெண்டு இல்ல. மூணு வருஷம், நாலு மாசம்.’’

சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள். அக்கா பி.காம். படித்தவள் இல்லை.

மூன்று வருஷம், நாலு மாசம். எழுதிவிட்டேன், அக்கா. என் பெயரில்.